கண்ணு தெரியாதவங்களுக்கு உதவணுமா, முதல்ல கைய விடுங்க

கிண்டி ஸ்டேஷன்ல இறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துட்டு இருந்தேன், ரோட்டோரமா ஒருத்தர் வெள்ளக் குச்சியோட நின்னுட்டு இருந்தாரு, நான் பெரிய புண்ணியவான் மாதிரி போய் அவர் கைய கப்புனு புடிச்சு இழுத்துட்டு கிளம்பிட்டேன், அதுவும் குச்சி வச்சிருந்த கைய. நாலு அடி போனதும் நின்னு ரொம்ப பொறுமையா சொன்னாரு, "தம்பி, நீங்க என்ன புடிக்காதீங்க, நான் உங்கள புடிச்சுக்கிறேன்."

அவர்கிட்ட கத்துக்கிட்டதையும், அப்புறம் நண்பர்கள்கிட்ட திட்டு வாங்கி கத்துக்கிட்டதையும் சேத்து எழுதுறேன்.

முதல்ல கேளுங்க. கூட்டத்துல "ஹெல்ப் வேணுமா"ன்னு பொதுவா கேட்டா யார கேக்குறீங்கன்னு அவங்களுக்கு எப்படி தெரியும், அதனால பக்கத்துல போய் புறங்கைய லேசா தொட்டு கேளுங்க. வேணாம்னு சொன்னா விட்டுடுங்க, கோச்சுக்க ஒண்ணும் இல்ல, தினமும் அதே பிளாட்பாரத்துல போறவருக்கு நம்மள விட நல்லாவே வழி தெரியும். கத்தி பேசாதீங்க, காது நல்லா கேக்கும்.

சரின்னு சொன்னா உங்க முழங்கைய நீட்டுங்க, அதுக்கு கொஞ்சம் மேல அவங்களே புடிச்சுப்பாங்க. நீங்க அரை அடி முன்னாடி நடங்க. உங்க உடம்பு திரும்புறது, ஏறுறது, இறங்குறது எல்லாம் அந்த கை வழியா அவங்களுக்கு தெரிஞ்சிடும், பின்னாடி இருந்து தள்ளிட்டு போனா கீழ குழி இருந்தா முதல்ல விழுறது அவங்கதான். "படி வருது"ன்னு மட்டும் சொன்னா பத்தாது, ஏறுதா இறங்குதான்னு சொல்லணும். குறுகலான இடம்னா உங்க கைய முதுகுக்கு பின்னாடி கொண்டு போங்க, அவங்க தானா உங்க பின்னாடி வந்துடுவாங்க. சீட்டு கிடைச்சா புடிச்சு அமுக்கி உக்கார வைக்காதீங்க, சீட்டோட முதுகுல கைய வச்சு காட்டினா போதும்.

வழி கேட்டா "அதோ அங்க"ன்னு கைய காட்டுறது நம்ம எல்லாருக்கும் பழக்கம். "உங்க வலது பக்கம், பத்தடில"ன்னு சொல்லிப் பழகணும். பஸ் ஸ்டாப்ல வர்ற வண்டி நம்பர சத்தமா படிச்சாலே பெரிய உதவி, 21ஜி வருது, கொஞ்சம் தள்ளி நிக்குதுன்னு.

இப்போ காசு விஷயம், இதத்தான் யாரும் யோசிக்கிறதில்ல. பீச் தாம்பரம் எலக்ட்ரிக் ட்ரெய்ன்ல நிறைய பார்வையில்லாதவங்க சின்னச் சின்ன சாமான் வித்துட்டு வருவாங்க. பழைய நூறுக்கும் ஐநூறுக்கும் நீளத்துல ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்துச்சு, விரல வச்சே சொல்லிடுவாங்க. 2016 கடைசில இருந்து வந்த புது நோட்டுல நூறு 142 மில்லிமீட்டர், இருநூறு 146, ஐநூறு 150, அகலம் இந்த மூணுக்கும் ஒண்ணுதான். ஓடுற ட்ரெய்ன்ல நாலு மில்லிமீட்டர எங்க அளக்குறது? ஓரத்துல மேடா கோடு இருக்கு, நூறுக்கு 4, ஐநூறுக்கு 5, ஆனா நோட்டு கசங்கினா அதுவும் மழுங்கிடும். ரிசர்வ் வங்கி 2020-ல 'மணி'ன்னு ஒரு ஆப் விட்டுச்சு, கேமரால காட்டினா எவ்ளோ நோட்டுன்னு சொல்லும், ஆனா ஒரு கையில சரக்கு இன்னொரு கையில கம்பின்னு நிக்கிறவர் ஃபோன எப்படி எடுப்பாரு. அதனால நோட்ட கையில வைக்கும்போதே "இது இருநூறு"ன்னு சொல்லிக் குடுங்க, மீதி வாங்கும்போதும் அவர் குடுத்தது எவ்ளோன்னு வாய்விட்டு சொல்லுங்க.

கல்யாணப் பந்தில பக்கத்துல உக்காந்தா, இலையில எது எங்க இருக்குன்னு ஒரு தடவ சொல்லுங்க, உப்பு ஊறுகா இடது மேல, பொரியல் வலது மேலன்னு. சூடா ரசம் ஊத்த வந்தா முன்னாடியே சொல்லிடுங்க. பரிமாறுறவர் உங்ககிட்ட "சாருக்கு பாயசம் வேணுமா"ன்னு கேப்பாரு, அவரையே கேளுங்கன்னு சொல்லுங்க, அவருக்கு வாய் இருக்கு. ரொம்ப நாள் கழிச்சு பாத்தா "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்"ன்னு விளையாடாதீங்க, அது மாதிரி எரிச்சல் வேற கிடையாதுன்னு பார்வையில்லாத என் ஃப்ரெண்ட் சொல்லுவான், பேர சொல்லிட்டு பேச ஆரம்பிங்க. 'பாத்தேன்'ங்கிற வார்த்தைக்கு பயப்பட வேணாம், நேத்து மேட்ச் பாத்தேன்னு அவனே சொல்லுவான்.

பிளாட்பாரத்துல மஞ்சளா இருக்குற டைல்ஸ் அழகுக்கு இல்ல. நீளக் கோடுன்னா நடக்கலாம், புள்ளி புள்ளியா இருந்தா நிக்கணும். அது மேல பைக்க நிறுத்தாதீங்க, பெட்டிய வச்சுட்டு நிக்காதீங்க.

கடைசியா, கிளம்பும்போது சொல்லிட்டு கிளம்புங்க. அன்னிக்கு கிண்டில அவர பஸ் ஸ்டாப்ல விட்டுட்டு, என் பஸ் வந்துச்சுன்னு நான் பாட்டுக்கு ஓடி ஏறிட்டேன். ஜன்னல் வழியா பாத்தா நான் நின்ன பக்கம் திரும்பி இன்னும் ஏதோ பேசிட்டு இருந்தாரு.