லாரியில் ஓடிய இன்ஜின் ஆயிலை லேபில் சோதித்துத் தரும் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?
ஆறேழு லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரியின் ஆயில் ரிப்போர்ட்டில் இரும்பு 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் 80 பங்கு) என்று இருந்தால் உடனே பயந்துவிடாதீர்கள், முதலில் அந்த ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாருங்கள். 20,000 ஓடி 80 என்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 4தான். அதே 80 வெறும் 8,000இல் வந்தால் ஆயிரத்துக்கு 10, லைனரோ (சிலிண்டரின் உள்சுவர்) பிஸ்டன் ரிங்கோ வேகமாகத் தேய்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஒரே ரிப்போர்ட்டை வைத்து இன்ஜினைப் பிரிக்காதீர்கள், மூன்றையாவது வரிசையாக வைத்துப் பாருங்கள்.

அப்புறம் சிலிக்கான். அதுவும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் புழுதி உள்ளே போகிறது. ஏர் ஃபில்டரை மாற்றியதோடு நிறுத்தாமல், ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். சமீபத்தில் கேஸ்கெட் பேஸ்ட் போட்டிருந்தால் சிலிக்கான் மட்டும் ஏறும், அதற்குப் பதற வேண்டாம்.

ஈயமும் செம்பும் சேர்ந்து ஏறினால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். சோடியம், பொட்டாசியம் திடீரென ஏறினால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவாக இருக்கலாம், இதற்கு மட்டும் அடுத்த ரிப்போர்ட் வரை காத்திருக்கவே கூடாது. 15டபிள்யூ-40 ஆயிலின் விஸ்காசிட்டி, அதாவது கெட்டித்தன்மை, 100 டிகிரி செல்சியஸில் 12.5 சென்டிஸ்டோக்குக்குக் கீழே போயிருந்தால் டீசல் கலக்கிறதா என்று இன்ஜெக்டரைச் சோதியுங்கள்.

சாம்பிளை இன்ஜின் சூடாக இருக்கும்போதே பிடியுங்கள், முதலில் வடிவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை.