கச்சேரி கேட்டுவிட்டு எழுதுவது எப்படி: மார்கழி ரசிகருக்குச் சில குறிப்புகள்

மார்கழியில் சபா வாசலில் நின்றால் காதில் விழுவது மூன்றே தீர்ப்புதான்: "அமோகம்", "பரவாயில்லை", "இன்னிக்கு எடுபடலை." வராதவருக்கு இதில் ஒன்றுமே இல்லை. எந்த ராகத்தை எவ்வளவு நேரம் பாடினார், வயலின் எப்படித் தொடர்ந்தது, எந்த இடத்தில் பிசகியது என்றால்தான் அவருக்கு உபயோகம். அதை வீட்டுக்குப் போய் யோசித்து எழுத முடியாது. உட்கார்ந்த இடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டும் ஒரு பென்சிலும் போதும். போனில் தட்டினால் அந்த வெளிச்சம் பின்வரிசைக்காரர் கண்ணில் அடிக்கும். பக்கத்தில் நெடுக்காக ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் மணி, வலப்பக்கம் விஷயம். திரை ஏறும் முன்பே பக்கவாத்தியக்காரர் பெயர்களை வாசல் பலகையிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். கடமோ கஞ்சிராவோ வாசிப்பவர் பெயரைச் சில சபாக்களில் கடைசியில் ஒரே தரம், அதுவும் கைதட்டலுக்கு நடுவே சொல்வார்கள். பாடகரைப் பற்றி ஐந்து பத்தி, மிருதங்கக்காரர் பெயரே இல்லை என்று வரும் விமர்சனங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

இடம் முக்கியம். நடு வரிசையில், மேடையிலிருந்து எட்டு முதல் பன்னிரண்டாம் வரிசைக்குள் கிடைத்தால் நல்லது. முன்வரிசை ஓரத்தில் ஸ்பீக்கர் நேராகக் காதில் அறையும். பால்கனிக்கு அடியில் சத்தம் மூடிக்கொள்ளும். "மிருதங்கம் வயலினை அமுக்கிவிட்டது" என்று எழுதும் முன் ஒரு சோதனை: உருப்படிகளுக்கு (பாட்டுகளுக்கு) இடையில் எழுந்து போய்ப் பின்சுவர் ஓரம் ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். அங்கே சரியாக இருந்தால் குறை உங்கள் நாற்காலியில். அங்கேயும் தொப்பி (மிருதங்கத்தின் கனத்த நாதம் தரும் இடப்பக்கம்) மட்டும் கும்மென்று அதிர்ந்தால் பெரும்பாலும் மைக்காரர் வேலை. இரண்டுமே வித்வான் தலையில் ஏற வேண்டியதில்லை. பாட்டுக்கு நடுவே மிருதங்கக்காரர் கல்லும் கட்டையுமாகத் தட்டி சுருதி சேர்ப்பதையும் குறையாக எழுதாதீர்கள். ஏசி குளிரிலும் மேடை விளக்குச் சூட்டிலும் தோல் இளகும், இறுகும். சேர்க்காமல் விட்டால்தான் குறை.

பாடகரின் சுருதி சேர்க்கையைக் கணிக்க வேகமான ஸ்வரக் கோர்வை உதவாது. ஆலாபனையில் (தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் பகுதியில்) மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் ஸ-வில், கார்வை கொடுத்து நீட்டி நிற்கும் இடத்தையும், கடைசியில் கீழ் ஷட்ஜத்தில் வந்து அமரும் இடத்தையும் கேளுங்கள். குரல் தம்பூராவுக்குள் கரைந்தால் சேர்ந்திருக்கிறது. இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் விலகியிருக்கிறது. முதல் இருபது நிமிடத்தில் விலகினால் குரல் இன்னும் சூடாகவில்லை என்று விட்டுவிடலாம். இரண்டாவது மணியிலும் விலகினால் எழுதலாம்.

ராகத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் முணுமுணுத்ததை அப்படியே எழுதிவிடுவது முதல் தப்பு. ஆரோகண அவரோகணத்தை (ராகம் ஏறி இறங்கும் ஸ்வர வரிசையை) மட்டும் நம்புவது இரண்டாவது. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் இரண்டுக்கும் ஸ ரி ம ப த ஸ, ஸ நி த ப ம க ரி ஸ தான். பாடும்போது ஆரபி துள்ளும். காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) பட்டும் படாமலும் ஓடிப்போகும். தேவகாந்தாரி ரிஷபத்தில் (ரி) நின்று நிதானமாக அசையும், அவசரமே படாது. தர்பாரும் நாயகியும் இன்னொரு ஜோடி. காந்தாரத்தை இரண்டு தரம் அழுத்தி "க க ரி ஸ" என்று இறங்கினால் தர்பார். பூர்விகல்யாணியா பந்துவராளியா என்று குழம்பினால் தைவதத்தை (த) பிடியுங்கள்: பந்துவராளியில் அது பஞ்சமத்தை (ப) ஒட்டிய சுத்த தைவதம், பூர்விகல்யாணியில் ஒரு படி மேலே சதுச்ருதி. பூர்விகல்யாணி பல சமயம் நிஷாதத்தைத் தொடாமலே "ப த ப ஸ" என்று மேலே ஏறும். இதையெல்லாம் கேட்டும் சந்தேகம் தீரவில்லையா? பாட்டின் முதல் இரண்டு சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். கிருதி அகராதியில் ராகம் கிடைத்துவிடும். அதுவும் இல்லாவிட்டால் "பூர்விகல்யாணி போல இருந்தது" என்று எழுதுவதில் எந்த அவமானமும் கிடையாது.

தாளத்துக்குக் கையை மடியில் வைத்துக்கொண்டு போடுங்கள். தொடையில் அறைந்தால் முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். ஆதிக்கு எட்டு அக்ஷரம், மிச்ர சாபுவுக்கு ஏழு, கண்ட சாபுவுக்கு ஐந்து. ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டு தரம் தட்டுவதைப் பார்த்தால் அது இரண்டு களை. அடுத்தது எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். பல்லவி சமத்தில் (தாளச் சுற்றின் முதல் தட்டில்) தொடங்குகிறதா, அரை இடம் தள்ளியா, ஒன்றரை இடம் தள்ளியா என்று முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள். கல்பனாஸ்வரமும் (மேடையிலேயே கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள்) கோர்வையும் (கணக்காகக் கட்டிய முடிப்பு) கடைசியில் வந்து விழ வேண்டிய இடம் அதுதான்.

தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் பாதி அரங்கு காபிக்குக் கிளம்பும். நீங்கள் கிளம்பாதீர்கள். ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் தனி திறந்துகொள்ளும். ஆதி தாளம் ஒரு களையில் ஓர் ஆவர்த்தனம் (ஒரு முழுத் தாளச் சுற்று) அக்ஷரத்துக்கு நான்காக 32 மாத்திரை. மூன்று தரம் "ததிகிணதொம்", நடுவே இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி என்று ஒரு முத்தாய்ப்பு (முடிப்பு) வைத்துக்கொள்வோம்: 5+2+5+2+5, மொத்தம் 19. சமத்தில் முடிய வேண்டுமென்றால் 13 மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும், அதாவது மூன்றேகால் அக்ஷரம் தாண்டி. கையில் தாளத்தைப் போட்டபடி அந்த இடத்துக்குக் காத்திருங்கள். வாசிப்பவர் அங்கே எடுத்துச் சமத்தில் அறுதியாக இறக்கும்போது, எதற்கு அரங்கு ஆரவாரிக்கிறது என்று புரியும். மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றி நான்கு ஆவர்த்தனம், இரண்டு, ஒன்று, அரை என்று குறைத்துக்கொண்டே வருவது குறைப்பு. எத்தனை சுற்று நடந்தது, யார் யாரைப் பின்தொடர்ந்தார் என்று எழுதுங்கள். "தனி விறுவிறுப்பு" என்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

குறிப்பு இப்படி இருந்தால் போதும் (மந்திரம் கீழ் ஸ்தாயி, தாரம் மேல் ஸ்தாயி, பிருகா வேகமான ஸ்வர ஓட்டம், நிரவல் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது):

7.05 – பூர்விகல்யாணி ஆலாபனை, 12 நிமி. மந்திரத்தில் நிதானம், தாரத்தில் பிருகா கொஞ்சம் மங்கல். வயலின் 6 நிமி, பாடகர் தொடாத "ப த ப ஸ" பிடித்தார்.
7.25 – கிருதி, மிச்ர சாபு, அனுபல்லவியில் நிரவல். இரண்டாம் காலத்தில் சாஹித்யம் சிதைந்தது.
7.52 – தனி, 13 நிமி.

வீட்டுக்கு வந்து இதை விரித்தால் மூன்று பத்தி தானாக வரும். எல்லா உருப்படியையும் பற்றி எழுத வேண்டாம், அது பட்டியல். மெயினையும் (கச்சேரியின் முக்கிய உருப்படி), எதிர்பாராமல் பிடித்துப்போன ஒரு துக்கடாவையும் (கடைசியில் வரும் சிறு பாட்டு) எடுத்துக்கொண்டு விஸ்தாரமாக எழுதுங்கள். "தெய்வீகம்", "மெய்சிலிர்த்தது" வருகிற வரியை அடித்துவிட்டு, எந்தச் சங்கதியில் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்களில் எதில்) சிலிர்த்தது என்று எழுதிப் பாருங்கள். பட்டுப்புடவை நிறமும் கேன்டீன் அடையும் இன்னொரு கட்டுரைக்கு. இறந்துபோன மேதைகளோடு ஒப்பிடுவதும் வேண்டாம், அந்தப் போட்டியில் உயிரோடிருப்பவர் ஜெயித்ததே இல்லை.

பகல் இலவசக் கச்சேரியில் பாடும் இளையவரை மாலைச் சீட்டுக் கச்சேரியின் அளவுகோலால் அளக்காதீர்கள். அவருக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு, எதிரே இருக்கும் கூட்டமும் குறைவு. பெரிய பெயரானால் டிசம்பரில் எத்தனையாவது கச்சேரி என்று பாருங்கள். கடைசி வாரத் தொண்டை முதல் வாரத் தொண்டை இல்லை.

ஒலிப்பதிவைப் பற்றி எழுதினால் எந்த வடிவம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். அதில் ஆலாபனை சுருக்கம் என்று குறைப்படுவது தட்டின் மேல் போட வேண்டிய பழியைப் பாடகர் மேல் போடுவது. ஸ்டுடியோ ஆல்பத்தில் பிசிறு வெட்டி ஒட்டப்பட்டிருக்கும், சுருதி சுத்தத்தைப் புகழும்போது ஜாக்கிரதை. நேரடிப் பதிவில் வயலின் மெலிந்து கேட்டால் ஹெட்போனிலும் ஸ்பீக்கரிலும் மாற்றிக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எழுதியதை அன்று ராத்திரியே வெளியிடாமல் காலையில் ஒருமுறை படியுங்கள். ராகமோ தாளமோ தப்பு என்று யாராவது சுட்டிக்காட்டினால் பழைய வரியை அழிக்காமல், கீழே தேதி போட்டுத் திருத்தத்தைச் சேருங்கள். அழித்துவிட்டால், சுட்டிக்காட்டியவர் எழுதியது எதற்குப் பதில் என்றே அடுத்து வருபவருக்கு விளங்காது.