‘ஏன் முடக்கினீர்கள்?’ என்று எழுதாதீர்கள்: ஆர்டிஐ விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. ஊரடங்கு. கொழும்பில் காலையில் கைபேசியைத் திறந்தவர்களுக்கு ஃபேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் எதுவும் வேலை செய்யவில்லை. பாதுகாப்பு அமைச்சு கேட்டுக்கொண்டதால் தடுத்ததாகத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சொன்னது. பிற்பகலில் தடை நீங்கியது. அன்று தடையைச் சுற்றிப் போகும் வீபிஎன் செயலி போட்டுச் சமாளித்தோம், சரி. யார் கேட்டார், யார் ஒப்பமிட்டார், எந்தெந்தத் தளம் என்பதை எழுத்தில் வாங்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) இருக்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். ஆனால் விண்ணப்பம் எழுதும் விதத்திலேயே பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதல் தவறு, விளக்கம் கேட்பது. ‘மக்களின் கருத்துச் சுதந்திரத்தை ஏன் முடக்கினீர்கள்?’ என்று எழுதினால் அது நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் தருவது அலுவலகத்தின் வசம் உள்ள தகவலை மட்டுமே. உங்களுக்காக அவர்கள் உட்கார்ந்து காரணம் எழுத வேண்டியதில்லை. ‘அப்படியான தகவல் எம்மிடம் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு கோப்பை மூடிவிடுவார்கள். ஆகவே காகிதத்தைக் கேளுங்கள். இப்படி:

‘01.04.2022 முதல் 05.04.2022 வரை, (1) சமூக ஊடகத் தளங்களைத் தடுக்குமாறு உங்களுக்கு வந்த கடிதங்கள், மின்னஞ்சல்களின் பிரதிகள். (2) அதன்படி சேவை வழங்குநர்களுக்கு நீங்கள் அனுப்பிய பணிப்புரைகளின் பிரதிகள். (3) தடுக்கப்பட்ட தளங்களின் பெயர்ப்பட்டியல். (4) தடை தொடங்கிய நேரமும் நீங்கிய நேரமும்.’

இலக்கமிட்டுப் பிரிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. இப்படிப்பட்ட விடயங்களில் முதலில் நீட்டப்படும் கேடயம், தகவல் தர மறுக்கக்கூடிய விலக்குகளைச் சொல்லும் 5ஆம் பிரிவின் ‘தேசிய பாதுகாப்பு’. எல்லாவற்றையும் ஒரே பந்தியில் குழைத்து எழுதினால் மொத்தமாக மறுப்பது அவர்களுக்குச் சுலபம். பிரித்துக் கேட்டால், கடிதத்தை மறுத்தாலும் நேரத்தையும் பட்டியலையும் மறுக்கத் தனித்தனியே காரணம் காட்ட வேண்டி வரும். ஓர் ஆவணத்தில் விலக்குக்கு உரிய பகுதி இருந்தால் அதை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தர வேண்டும் என்பது 6ஆம் பிரிவு. தகவல் வெளிவருவதிலுள்ள பொது நலன், வெளியிடுவதால் வரும் தீங்கை விஞ்சினால் விலக்கையும் மீறித் தர வேண்டும் என்பது 5(4). மறுப்புக் கடிதம் வந்ததும் ‘பாதுகாப்பு விடயமாம்’ என்று தலையாட்டிவிட்டு விடுபவர்கள் இந்த இரண்டையும் வாசிக்காதவர்கள்.

யாரிடம் கேட்பது என்பதிலும் தடுமாற்றம் உண்டு. அரசு கால்வாசிப் பங்குகூட வைத்திராத ஒரு தனியார் கைபேசி நிறுவனத்துக்கு ஆர்டிஐ போட்டால் பெரும்பாலும் பதில் வராது. அரசின் பங்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அந்தக் கம்பனியும் சட்டத்துக்குள் வரும். ஸ்ரீலங்கா டெலிகொம் அப்படித்தான் வருகிறது. தடுக்கும் பணிப்புரை பற்றி என்றால், கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையிலுள்ள ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்கே நேரே எழுதுங்கள். கேட்டுக்கொண்ட அமைச்சுக்கும் தனி விண்ணப்பம் ஒன்று போடுவது நல்லது. இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கலாமே.

‘எனக்கு இது ஏன் தேவை’ என்று அரைப் பக்கம் எழுதாதீர்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 24ஆம் பிரிவே சொல்கிறது. படிவம் இல்லை என்று திருப்பி அனுப்பினாலும் அசையாதீர்கள். வெறும் கடிதம் போதும், மின்னஞ்சலும் எழுத்துதான். சங்கத்தின் பெயரில் போடுவதானால் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரஜைகளாக இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் பதில் என்ற விதியையும் சும்மா இழுக்காதீர்கள். அது கேட்பவரின் சொந்த உயிர், தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு மட்டும்.

மொழி. கொழும்பில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் எழுத வேண்டும் என்று நினைத்துப் பின்வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் நீங்கள் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறலாம்; சட்டப்படி பிரதி பெறும் உரிமையுள்ள ஆவணத்தின் தமிழ் மொழிபெயர்ப்பையும் கேட்கலாம். உரிமை இப்படி, காரியம் வேறு. மொழிபெயர்ப்பாளருக்காகத் தமிழ்க் கடிதம் மேசையில் கிடக்கக்கூடும். தமிழில் எழுதி, கேள்விகளை மட்டும் ஆங்கிலத்தில் அரைப் பக்கமாகப் பின்னால் இணைத்துவிட்டால் அந்தச் சாக்கு எடுபடாது.

அதிகம் பேர் சறுக்குவது நாட்கணக்கில். தகவல் அலுவலர் முடிவு சொல்ல 14 வேலை நாட்கள். திங்கட்கிழமை கையில் கொடுத்தால், அந்த வாரத்தையும் சேர்த்து மூன்றாவது வாரத்து வெள்ளியோடு தவணை முடியும். இடையில் வாரநாளில் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் அடுத்த திங்களுக்குத் தள்ளும். தருவதாக முடிவு சொன்னால், தருவதற்கு மேலும் 14 நாட்கள். ஆவணம் ஏராளம் என்றால் 21 நாட்கள் வரை நீட்டலாம், அதற்கான காரணத்தை உங்களுக்கு அறிவிக்க வேண்டும். தவணை தாண்டியும் மூச்சு இல்லையா? நினைவூட்டல் கடிதம் போட்டுக் காத்திருப்பதுதான் இங்கே பெரிய தவறு. அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டுக்கென நியமிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் போக வேண்டும், அந்த நாட்கள் நினைவூட்டலிலேயே கரைந்துவிடும். அவர் முடிவு சொல்ல மூன்று வாரம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

இவ்வளவும் நிற்பது ஒரு துண்டுக் காகிதத்தில். விண்ணப்பம் கொடுத்ததும் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள், தர வேண்டியது அவர்கள் கடமை. தராவிட்டால் பதிவுத்தபாலில் அனுப்பி அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆணைக்குழுவுக்குப் போகும்போது விண்ணப்பம், பற்றுச்சீட்டு, வந்த மறுப்பு, முதல் மேன்முறையீடு ஆகிய நான்கின் பிரதிகளையும் திகதி வரிசையில் இணையுங்கள். சட்டப்படி நடந்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு அங்கே அலுவலகத்தின் தலையில்தான். ஆணைக்குழுவின் முடிவும் ஒப்பவில்லை என்றால், ஒரு மாதத்துக்குள் புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம்.