மின் இணைப்பில்லா நடைபயணத்தில் பேட்டரிக்கு மின்னேற்றுவது எப்படி?

பல நாள் நடைபயணத்தின் நடுவே மின்னேற்றத்துக்கு ஏதேனும் ஏற்பாடு செய்ய முனைவதற்கு முன், ஒரு சிறு கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். 4,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட கைப்பேசி பேட்டரியில் அடங்குவது ஏறத்தாழ 15 வாட்-மணி (ஒரு வாட் திறனை ஒரு மணி நேரம் தரும் ஆற்றலே ஒரு வாட்-மணி). 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பவர் பேங்கில் 37 வாட்-மணி இருந்தாலும், 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்துவதிலும் கைப்பேசி அதை மீண்டும் இறக்கிக்கொள்வதிலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுவதால், மூன்றில் இரண்டு பங்கு அளவே கைப்பேசிக்குச் சேரும். 3 வாட் தரும் கைச்சுழற்சி டைனமோவால் அந்த 15 வாட்-மணியை நிரப்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் சுழற்ற வேண்டியிருக்கும் என்பதால், ஓர் அவசர அழைப்புக்கு மட்டுமே அதை நம்பலாம். எலுமிச்சம்பழத்தில் ஆணி செருகும் பள்ளிக்கூடச் சோதனையைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

ஆகவே, கையிலிருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுவதென்றால் நடைமுறையில் சூரிய ஒளிதான். ஆனால் ஒப்பேற்றல் முழுவதும் மின்சாரம் வரும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். லித்தியம் செல்லைப் பிரித்து நேரடியாகக் கம்பி கொடுப்பது எந்த நெருக்கடியிலும் கூடாது, 4.2 வோல்ட்டில் மின்னேற்றத்தை நிறுத்தும் சுற்று இல்லாவிட்டால் அந்தச் செல் தீப்பற்றக்கூடும்.

மடிப்பு சோலார் பேனலைப் பையின் முதுகில் தொங்கவிட்டு நடப்பது பார்க்க அழகாக இருக்கும், பயன் குறைவு. நானும் ஒருமுறை நாள் முழுவதும் அப்படி நடந்தேன். சூரியன் பெரும்பாலும் முன்னால் இருக்க, பேனல் என் நிழலிலேயே வந்தது, மாலையில் பவர் பேங்கில் ஒரு விளக்குகூட முழுதாக எரியவில்லை. நண்பகலை ஒட்டிய நீண்ட ஓய்வில் பேனலைப் பாறையின் மேல் சாய்த்து வைப்பதே மேல். ஒரு குச்சியைப் பேனலின் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து, அதன் நிழல் குச்சியின் அடியிலேயே மறையும் வரை பேனலைத் திருப்பினால், அது சூரியனை நேராகப் பார்க்கிறது என்று பொருள். அரை மணிக்கொரு முறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரேயொரு செல்லின் மீது பை வாரின் நிழல் விழுந்தாலும் மொத்த மின்னோட்டமும் சரிந்துவிடும்.

மேகம் கடக்கும்போது மின்னோட்டம் விட்டுவிட்டு வருவதால், சில கைப்பேசிகள் மின்னேற்றத்தை நிறுத்திவிட்டு, வெயில் திரும்பிய பின்னும் தொடங்குவதில்லை. எனவே பகலில் பவர் பேங்கையும், இரவில் அதிலிருந்து கைப்பேசியையும் நிரப்புவது நல்லது. பவர் பேங்கைப் பேனலின் பின்பக்க நிழலில், காற்றோட்டம் படும்படி வைக்க வேண்டும். 45 டிகிரி செல்சியசுக்கு மேல் லித்தியம் செல்லுக்கு மின்னேற்றுவது அதன் ஆயுளைக் குறைக்கும்.

வெறும் 6 வோல்ட், 1 வாட் பேனல் மட்டும் கையிலிருந்தால், அதைக் கைப்பேசியில் செருகக் கூடாது. எதுவும் இணைக்காத நிலையில் அதன் மின்னழுத்தம் 7 வோல்ட்டைத் தாண்டக்கூடும். தலைவிளக்குக்கான, மறுமின்னேற்றத்துக்கு உரிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல்களுக்கு அது பொருந்தும். 2,000 மில்லி ஆம்பியர்-மணி செல்கள் மூன்றைத் தொடராக இணைத்தால், நல்ல வெயிலில் ஏறத்தாழ 170 மில்லி ஆம்பியர் பாயும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இந்த மெதுவான ஓட்டத்தை, சற்று மிகையாக ஏற்றினாலும் இவ்வகைச் செல்கள் பொறுத்துக்கொள்ளும். முற்றிலும் காலியான செல்கள் நிரம்ப 14 மணி நேர வெயிலாவது, அதாவது இரண்டு மூன்று நாள்கள், பிடிக்கும். இரவில் மின்சாரம் பேனல் வழியே திரும்பிக் கசியாதிருக்க, நேர்மின் கம்பியில் ஷாட்கி டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) ஒன்றை, வளையக் கோடுள்ள பக்கம் செல்களை நோக்கி இருக்கும்படி சேர்க்க வேண்டும். மறுமின்னேற்றத்துக்கு உரியதல்லாத ஆல்கலைன் செல்லை இதில் இணைத்தால் அது கசியும், வெடிக்கவும் கூடும்.

கம்பிகளின் நிறம் அடையாளம் தரவில்லை, மல்டிமீட்டரும் இல்லை என்றால், கோப்பை நீரில் சிட்டிகை உப்பைக் கரைத்து, பேனல் வெயிலில் இருக்கும்போது இரு செம்புக் கம்பி நுனிகளையும் ஒரு விரல் இடைவெளி விட்டு நனைக்க வேண்டும். எந்த நுனியில் நுண்குமிழிகள் மிகுதியாகக் கிளம்புகின்றனவோ அதுவே எதிர்மின் முனை. சோதித்த பின் நுனிகளைத் துடைத்துவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

உறைநிலைக்குக் கீழே லித்தியம் செல்லுக்கு மின்னேற்றினால் அதனுள் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். குளிரான இடங்களில் பவர் பேங்கை இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அது சில்லிட்டிருந்தால், சட்டைக்குள் சிறிது நேரம் வைத்து, கைக்குச் சில்லிப்பு தெரியாத நிலை வந்த பிறகே பேனலில் இணையுங்கள்.