எளிதில் எலும்பு முறியும் குழந்தைகள்: மரபணு ஆலோசனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், எங்கள் மரபணு ஆலோசனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு தம்பதியிடம் பேசிக்கொண்டிருந்தது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. இரண்டு வயதுப் பெண் குழந்தை, அதற்குள் நான்காவது எலும்பு முறிவு. "நீங்க சொந்தமா?" என்று கேட்டார். "ஆமாங்க, அத்தை பையன்தான்" என்றார் அந்த அம்மா. அடுத்து அந்தத் தம்பி என்ன சொல்லப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நானும் அதையேதான் சொன்னேன்.

நோயின் பெயர் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா, சுருக்கமாக ஓஐ. கால்சியம் டானிக், எண்ணெய்க் கட்டு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் செய்யும் தவறுகள்தான் எனக்கு உறுத்துகின்றன.

"சொந்தத்துல கல்யாணம், அதனாலதான்"

கணக்கு பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். பெற்றோருக்கு நோய் இல்லை, குழந்தைக்கு இருக்கிறது, அவர்கள் சொந்தம் வேறு. அப்படியானால், இரண்டு பிரதியும் கெட்டால் மட்டுமே நோய் தரும் ஒடுங்கு மரபணு ஒன்று இரண்டு பக்கமும் ஒளிந்திருந்து சேர்ந்துவிட்டது, ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத ஆபத்து. பள்ளிப் பாடத்தில் படித்த மெண்டல் கட்டம் அப்படியே பொருந்துகிறது.

ஆனால் ஓஐ உள்ளவர்களில் நூற்றுக்கு 85, 90 பேருக்குக் காரணம் எலும்புக்கு வலு தரும் புரதமான முதல் வகைக் கொலாஜனை உண்டாக்கும் இரண்டு மரபணுக்களில் ஒன்றுதான்: சிஓஎல்1ஏ1, சிஓஎல்1ஏ2. இவற்றில் வரும் நோய் ஓங்கு வகை, ஒரு பிரதி கெட்டாலே போதும். அந்த மாற்றம் பெற்றோர் உடம்பில் இல்லாமல், கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக வந்திருக்கலாம். கடுமையான ஓஐ பெரும்பாலும் அப்படி வருவதுதான். அத்தை மகனைக் கட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒடுங்கு வகைகளும் உண்டு. 2006இல் சிஆர்டிஏபி, அடுத்த வருடம் பி3எச்1, 2013இல் டபிள்யூஎன்டி1 என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. சொந்தத் திருமணம் அதிகமுள்ள நம் ஊர்களில் அவற்றின் பங்கு கூடும் என்பதும் உண்மை. அதனால் சந்தேகப்படலாம். ரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் தீர்ப்பு சொல்லக் கூடாது.

நான் 25 சதவீதம் என்று சொல்லி அனுப்பிய தம்பதி, அடுத்த பிள்ளையே வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் தங்கைக்கு மாமன் வீட்டில் பேசி வைத்திருந்த சம்பந்தமும் நின்றுபோனது. பரிசோதனை கைக்கு எட்டும் விலைக்கு வந்த பிறகு செய்து பார்த்தோம். குழந்தையிடம் சிஓஎல்1ஏ1இல் ஒரு மாற்றம். அப்பா, அம்மா இருவர் ரத்தத்திலும் அது இல்லை. தங்கைக்குத் துளி ஆபத்தும் இருந்ததில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

ஆறுதலுக்கு வேண்டுமானால் ஒன்று சொல்லலாம். 1979இல் ஆஸ்திரேலியாவில் மரபியல் மருத்துவர் டேவிட் சில்லன்ஸ் ஓஐயை நான்கு வகைகளாகப் பிரித்தபோது, பிறக்கும் நேரத்திலேயே உயிரைப் பறிக்கும் இரண்டாம் வகையை ஒடுங்கு மரபு என்றுதான் கருதினார். நோயில்லாத பெற்றோர் என்றால் வேறு எப்படி நினைப்பது? எண்பதுகளில் கொலாஜனையே பிரித்துப் பார்த்த பிறகுதான், அதில் பெரும்பாலானவை புதிதாக வந்த ஓங்கு மாற்றங்கள் என்று தெரிந்தது.

அந்தத் தம்பியிடம் இவ்வளவும் சொல்லி முடித்தேன். உடனே அவர் மறுகோடிக்குப் போய்விட்டார். "அப்ப புது மாற்றம்னா மறுபடியும் வராதுன்னு சொல்லிடலாமா சார்?" சொல்லக் கூடாது. பெற்றோரில் ஒருவரின் விந்தணுக்களிலோ கருமுட்டைகளிலோ மட்டும் ஒரு பகுதியில் அந்த மாற்றம் இருக்கலாம். மொசைக் என்பது இதைத்தான். உடம்பில் ஒன்றும் தெரியாது, ரத்தத்திலும் அகப்படாமல் போகலாம், ஆனால் இரண்டாவது குழந்தைக்கும் வரலாம். அப்படி இரண்டு குழந்தைகளுக்கு வந்துவிட்டால், "பார்த்தீங்களா, ஒடுங்கு வகைதான்" என்று மறுபடியும் பழைய தவறுக்கே போய் நிற்போம். அதனால் ஆபத்து பூஜ்யம் என்று சொல்லாதீர்கள். நூற்றில் சில பேருக்குத் திரும்ப வரலாம் என்று சொல்லுங்கள். அடுத்த கர்ப்பத்தில் அந்தக் குறிப்பிட்ட மாற்றத்தையே தேடிப் பார்க்க முடியும் என்பதையும் சொல்லுங்கள்.

குழந்தையின் எதிர்காலக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. ஓங்கு வகை என்றால் அவள் வளர்ந்து பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு.

மரபணு முழுதாகப் போனால் நோய் கடுமை என்று நினைப்பது

பல நேரம் நேர்மாறு. கொலாஜன் மூன்று இழை போட்ட கயிறு. சிஓஎல்1ஏ1 தருவது இரண்டு இழை, சிஓஎல்1ஏ2 தருவது ஒன்று. சிஓஎல்1ஏ1இன் ஒரு பிரதி அடியோடு வேலை செய்யாவிட்டால் கயிறு பாதி அளவுதான் கிடைக்கும், ஆனால் கிடைப்பது நல்ல கயிறு. அது பெரும்பாலும் லேசான முதல் வகை ஓஐ. அதே பிரதியில் ஒரே ஓர் எழுத்து மாறி, கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்தால், கெட்ட இழை நல்லதோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். நான்கில் மூன்று கயிறு பழுது. ரிப்போர்ட்டில் "ஒரு எழுத்துதான்" என்று பார்த்து நிம்மதி சொல்லிவிடாதீர்கள்.

எக்ஸோம் நெகட்டிவ்

அந்த நான்கோடு பின்னால் சேர்ந்த ஐந்தாம் வகை ஓஐக்குக் காரணம் ஐஎஃப்ஐடிஎம்5 மரபணுவில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே மாற்றம். அது புரதத்துக்கான பகுதிக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருப்பதால் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிக்கும் எக்ஸோம் பரிசோதனையில் விட்டுப்போகக்கூடும். முன்கையைத் திருப்ப முடியாத குழந்தை, முறிவு கூடிய இடத்தில் கட்டி போல எலும்பு வளர்கிறது என்றால், லேபைக் கூப்பிட்டு அந்த இடத்தைப் படித்தார்களா என்று கேளுங்கள். அந்த வளர்ச்சியைப் புற்றுநோய் என்று பயந்து வந்தவர்களும் உண்டு.

அல்கலைன் பாஸ்பட்டேஸ்

ரத்தத்தில் பார்க்கும் இந்த நொதி அதிகமானால் பதறுகிறோம், குறைந்தால் பார்ப்பதே இல்லை. குழந்தைகளுக்கு இயல்பிலேயே இது கூடுதல் என்பதால், குழந்தையின் ரிப்போர்ட்டில் பெரியவர்களின் அளவை அச்சடித்திருந்தால் குறைவு குறைவாகவே தெரியாது. குறைவு என்றால் ஏஎல்பிஎல் மரபணுவை நினையுங்கள். அது ஓஐ அல்ல, எலும்பு சரியாகக் கெட்டிப்படாத வேறொரு மரபணு நோயான ஹைப்போபாஸ்பட்டேசியா, அதற்கு மருந்தும் வேறு.

நீல விழி

விழியின் வெள்ளைப் பகுதி நீலமாகத் தெரிவது ஓஐயின் அடையாளங்களில் ஒன்றுதான். ஆனால் நல்ல கைக்குழந்தைக்கும் இருக்கும்.

"கிரகணத்துல வெளிய போனீங்களா?"

வேண்டாம்.