பிளே ஸ்டோருக்கும் ஆப் ஸ்டோருக்கும் ஸ்கிரீன்ஷாட் தயாரிப்பது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

செயலியை எழுதி முடித்தாயிற்று, கணக்கும் திறந்தாயிற்று. செயலியை ஏற்றும் கூகிள் தளமான பிளே கன்சோல் ஸ்கிரீன்ஷாட் கேட்கும்போதுதான் பலரும் அவசரப்படுகிறார்கள். கைப்பேசியில் நாலு படம் பிடித்து ஏற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் உங்கள் செயலியைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர் முதலில் பார்ப்பது இந்தப் படங்களைத்தான். ஆப் ஸ்டோரில் முன்னோட்டக் காணொளி இல்லையென்றால், நெடுக்குவாட்டில் இருக்கும் முதல் மூன்று படங்கள் தேடல் முடிவிலேயே தெரிந்துவிடும். விளக்கக் குறிப்பைத் திறந்து படிக்கிறவர்கள் குறைவு.

உதாரணத்துக்கு, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருக்கும் பூக்கடை ஒன்றுக்குச் செயலி செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்யாண மாலை, கோயிலுக்கு உதிரிப்பூ, தைப்பூச நேரத்தில் காவடிக்கு வேண்டிய பூ, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

படி 1: முதலில் வரிகள், பிறகு படங்கள்

ஒரு தாளை எடுத்து, இந்தச் செயலியால் வாடிக்கையாளருக்கு என்ன கிடைக்கிறது என்று ஐந்து வரி எழுதுங்கள். ‘காலைப் பூமாலைக்கு இரவே சொல்லுங்கள்’, ‘படம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்’, ‘வீட்டுக்கே வரும்’ என்கிற மாதிரி. ஒரு வரிக்கு ஒரு படம். மிக வலுவான வரிதான் முதல் படம். பலர் முகப்புச் சின்னத்தையோ உள்நுழையும் பக்கத்தையோ முதலில் வைக்கிறார்கள். அதைப் பார்ப்பவருக்கு எதுவும் புரியாது. ஆப்பிளின் விதிகளும், படங்கள் செயலி பயன்பாட்டில் இருப்பதைக் காட்ட வேண்டும், வெறும் தலைப்புப் படமோ உள்நுழைவுப் பக்கமோ போதாது என்றே சொல்கின்றன. இந்தப் பூக்கடைக்கு நான் முதலில் வைப்பது மாலைகள் வரிசையாகத் தெரியும் பக்கம்.

படி 2: மாதிரித் தகவலை நிரப்புங்கள்

வெறுமையான பட்டியலைப் படம் பிடிக்காதீர்கள். ‘சோதனை 1’, ‘சோதனை 2’ என்று இருப்பதையும் பிடிக்காதீர்கள். ரோஜா மாலை, மல்லிச் சரம், சம்பங்கி மாலை என்று உண்மையான பெயர்களும், நம்பும்படியான ரிங்கிட் விலைகளும், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்களும் இருக்கட்டும்.

ஆனால் வாடிக்கையாளரின் பெயர், கைப்பேசி எண், முகவரி எதுவும் உண்மையானதாக இருக்கக் கூடாது. கற்பனைப் பெயர் போடுங்கள், எண்ணில் பூஜ்யங்களை நிரப்புங்கள். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்க, மாலை வாங்க வந்த அம்மாவின் எண்ணை ஊருக்கே காட்டுவது சரியில்லை.

படி 3: படம் பிடித்தல்

ஆண்ட்ராய்டில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் ஒன்றாக அழுத்துங்கள். முகப்புப் பொத்தான் இல்லாத ஐபோனில் பக்கப் பொத்தானும் ஒலி கூட்டும் பொத்தானும். மேக் கணினியில் ஐபோன் திரையை அப்படியே காட்டும் சிமுலேட்டர் வைத்திருந்தால் கமாண்ட், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும். எடுப்பதற்கு முன் கைப்பேசியை நன்றாகச் சார்ஜ் செய்து, தொந்தரவு செய்யாதே நிலையில் போட்டு, வாட்ஸ்அப் அறிவிப்புகளைத் துடைத்துவிடுங்கள். 7 விழுக்காடு பேட்டரியும் ஏழெட்டு அறிவிப்புகளும் மேலே தெரிந்தால், கண் அங்கேதான் போகும்.

படி 4: அளவுகள்

பிளே ஸ்டோரில் குறைந்தது 2 படம் வேண்டும், ஒவ்வொரு சாதன வகைக்கும் 8 வரை ஏற்றலாம். ஜேபெக் அல்லது பிஎன்ஜி, பின்னணி ஒளிபுகாததாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 320 பிக்சலுக்குக் குறையக் கூடாது, 3840ஐத் தாண்டவும் கூடாது. நீளமான பக்கம் குறுகிய பக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. புதியவர்கள் மாட்டுவது இதில்தான். இன்றைய கைப்பேசிகள் பலவும் 1080க்கு 2400 பிக்சல். 1080இன் இரு மடங்கு 2160 என்பதால், நேரடியாகப் பிடித்த படம் இந்த விதிக்குள் அடங்காது.

அதனால் வடிவமைப்பு மென்பொருளில் 1080க்கு 1920 அளவில் ஒரு வெற்றுப் பலகையைத் திறந்துகொள்ளுங்கள். மேலே வாசகம், கீழே படம். படத்தின் அகலத்தை 640 ஆகக் குறைத்தால் உயரம் 1422 வரும், முழுசாக உள்ளே அடங்கும். ஆனால் எழுத்துகள் பொடியாகிவிடும். 820 அகலம் வைத்து, அடிப்பகுதி பலகைக்கு வெளியே போனால் போகட்டும் என்று விடுவதுதான் எனக்குப் பிடித்தது. முக்கியமான விஷயம் திரையின் மேல் பாதியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆப் ஸ்டோருக்குத் தனியாகச் செய்ய வேண்டும். 6.9 அங்குலத் திரைக்கு 1320க்கு 2868, அல்லது 1290க்கு 2796. படங்கள் 10 வரை. ஐபேடிலும் ஓடும் செயலி என்றால் 13 அங்குலத்துக்கு 2064க்கு 2752 அளவிலும் வேண்டும். ஆப்பிளுக்கு அனுப்பும் படத்தில் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் சட்டகம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படி 5: தமிழ் வாசகம்

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ளுங்கள்’ என்று எழுதினால் ஒரு வரியில் அடங்காது, அடக்கினால் எழுத்து எறும்பு அளவுக்கு வரும். ‘இரவே சொல்லுங்கள்’ என்றாலே போதும். மூன்று நான்கு சொல்லைத் தாண்டாதீர்கள். வாசகம் படத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இடம் பிடிக்க வேண்டாம் என்பது கூகிளின் அறிவுரை. நம் 1920 உயரப் பலகையில் அது மேலே 384 பிக்சல். ‘முதல் இடம்’, ‘இலவசம்’, ‘உடனே பதிவிறக்குங்கள்’ போன்றவற்றையும் கூகிள் விரும்புவதில்லை.

அடுத்தது எழுத்துரு. மேலே கீ, தீ போன்றவற்றின் சுழியும் கீழே கூ, மூ போன்றவற்றின் வாலும் நீள்வதால், ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியில் தமிழ் இடித்துக்கொள்ளும். கொஞ்சம் கூட்டி வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான் மூன்றும் கூகிள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐபோனில் நாம் நாளும் பார்க்கும் தமிழ் சங்கம் எம்என் எழுத்துரு நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்தது. தமிழ் எழுத்து திரையில் அழகாக வர இங்கிருந்தே உழைத்தவர்கள் இருக்கும்போது, நாம் உடைந்த எழுத்தை ஏற்றக் கூடாது.

உடைந்த எழுத்து என்று சொல்லக் காரணம் உண்டு. சில வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி விலகும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இப்படி வந்தால், விருப்பத் தேர்வுகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்குங்கள். சில பதிப்புகளில் அதன் பெயர் வேர்ல்ட் ரெடி. படத்தைச் சேமித்த பிறகு ‘கொ’, ‘தை’, ‘பௌ’ மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். இவை சரியாக இருந்தால் பெரும்பாலும் மற்றவையும் சரியாக இருக்கும்.

படி 6: எந்த மொழிப் பக்கத்தில் ஏற்றுவது?

ஸ்டோர் பக்கம் பயனரின் மொழி அமைப்பைப் பார்த்துத்தான் காட்டப்படும். இங்கே கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த தமிழர்களில் பலரின் கைப்பேசி ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கிறது. தமிழ்ப் படங்களைத் தமிழ்ப் பக்கத்தில் மட்டும் ஏற்றினால், இங்கே மஸ்ஜித் இந்தியா பகுதியில் கடை வைத்திருக்கும் அண்ணன் அதைப் பார்க்கவே மாட்டார். ஆகவே ஆங்கில, மலாய்ப் பக்கங்களிலும் தமிழ் இடைமுகம் தெரியும் படம் ஒன்றாவது இருக்கட்டும், அதுவும் முதல் மூன்றுக்குள். வாசகம் அந்தந்த மொழியில் இருக்கலாம். உள்ளே தெரியும் தமிழைப் பார்த்ததும் ‘இது நமக்கானது’ என்று அவருக்குப் புரிந்துவிடும்.

படி 7: ஏற்றுமுன் ஒரு சோதனை

படங்களை உங்கள் கைப்பேசிக்கே அனுப்பி, தேடல் முடிவில் தெரியும் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முடிந்தால் எல்ஆர்டி ரயிலில் நின்றபடி பாருங்கள், மக்கள் பார்ப்பதும் அப்படித்தான். செயலியை இதுவரை பார்த்திராத ஒருவரிடம் முதல் படத்தை மட்டும் காட்டி, ‘இது எதுக்கு?’ என்று கேளுங்கள். பூ, மாலை என்ற சொல் வராவிட்டால் முதல் படத்தை மாற்ற வேண்டும்.

பிளே ஸ்டோரில் செயலியின் புதிய பதிப்பு இல்லாமலே படங்களை மாற்றலாம். இரண்டு விதமான படங்களை வெவ்வேறு பயனர்களுக்குக் காட்டி எது எடுபடுகிறது என்று ஒப்பிடும் வசதியும் கன்சோலிலேயே உண்டு. ஆப் ஸ்டோரில் படத்தை மாற்றப் பொதுவாகப் புதிய பதிப்போடுதான் அனுப்ப வேண்டும். அதனால் ஆப்பிளுக்கு அனுப்பும் படங்களை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டே அனுப்புங்கள். செயலியின் திரை மாறும் ஒவ்வொரு பதிப்பிலும் ஸ்கிரீன்ஷாட் வேலையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.