பொருளாதாரம் தளரும் காலத்தில் நன்கொடை திரட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் முதியோர் இல்லமோ மாலைநேர இலவச வகுப்போ நடத்தும் அறக்கட்டளைகள், விலைவாசி ஏறி வியாபாரம் மந்தமாகும்போது நன்கொடை கேட்பதையே நிறுத்திவிடக் கூடாது. “இந்த நேரத்தில் எப்படிப் போய்க் கேட்பது?” என்னும் தயக்கம் நல்ல மனத்திலிருந்து வருவதுதான். ஆனால், வேலையிழந்த குடும்பங்கள் பெருகும் அந்த மாதங்களில்தான் உதவி தேடி வருவோரும் பெருகுகிறார்கள். தொகையைக் குறைக்கவோ சில மாதம் தள்ளிப்போடவோ இடம் வைத்துக் கேட்டால் கொடுப்பவரும் சங்கடப்பட மாட்டார், தொடர்பும் அறுந்துபோகாது.

இதைவிடப் பெரிய தவறு, எல்லாருடைய வருமானமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதாக எண்ணுவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுத் தொழிலை நம்பிய தேவனாம்பட்டினத்துக் குடும்பத்திடம் போய் நிற்பது முறையன்று. அதே வாரங்களில் பண்ருட்டிப் பக்கத்துப் பலா விவசாயியின் கையில் மகசூல் பணம் புழங்கக்கூடும். நெய்வேலியில் மாதச் சம்பளம் வாங்குவோரின் நிலை வேறு. மீன்வரத்தைவிட ஜூன் மாதப் பள்ளிச் செலவே அவர்களை நெருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயல் முந்திரித் தோப்புகளைச் சாய்த்தபோது, விவசாயிகள் இழந்தது ஓராண்டு வரவை மட்டுமன்று, புதுக்கன்று காய்ப்புக்கு வரும்வரையிலான ஆண்டுகளின் வரவையும்தான். நகரத்துக் கடைத்தெரு மீண்டுவிட்டது என்பதற்காக அவர்களிடமும் பழைய தொகையை எதிர்பார்ப்பது அநியாயம்.

பேரிடரின்போது வெளியூர்களிலிருந்து குவியும் நிதியை நிலையான வரவாகக் கருதி, புதிதாக ஆள் சேர்ப்பதும் ஆபத்தானது. செய்தி ஓய்ந்ததும் அந்த வரவு குறைந்துவிடும். சம்பளச் செலவு அப்படியே நிற்கும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியோ தாமதமாகவே அசையும். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவுக்குள் வரும் நிறுவனங்கள், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். ஆகவே, மந்தம் தொடங்கிய ஆண்டிலேயே இது வற்றிவிடாது. லாபம் மீண்ட பிறகும் சில காலம் குறைந்தே இருக்கலாம். அதற்கேற்ப முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

நன்கொடை தருவோருக்கான, 80ஜி என்று நாம் பழகிய வருமான வரிச்சலுகையை முன்னிறுத்தியே கேட்பதும் இப்போது பலருக்குப் பொருந்தாது. 2023-24 நிதியாண்டு முதல் இயல்பான தெரிவாகிவிட்ட புதிய வரிமுறையில் தனிநபருக்கு அந்தச் சலுகை இல்லை. பழைய முறையில் இருப்போரும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை பெற முடியாது. இதை ரசீது எழுதும்போது அல்லாமல், பணத்தை வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.